தேதி போடாத சுவரொட்டி

என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வானம் இருந்தது. வெளிர்நீலம். ஓரங்களில் பஞ்சு மேகம். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம், அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாமரை. திண்டிவனத்திலும் சுற்று வட்டாரத்திலும் என் காலத்தில் இறந்துபோனவர்களில் பெரும்பாலோர் அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் போனார்கள். முகத்தை உள்ளே வைத்து, கீழே பெயர் அடித்து, தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி தயார். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, முதலாளிக்கும் அவர் மண்டியில் மூட்டை தூக்கியவருக்கும் ஒரே வானம்தான். சமத்துவம் எங்கே கிடைக்கும் என்று மேடையில் கேட்பவர்கள் யாரும் என் கடைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டியிருப்பேன்.

தமிழில் முதுகலை படித்தவன் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதல்ல. 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது அங்கே ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு மனு அடித்துக்கொண்டிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் வந்ததும் ஊருக்குத் திடீரென்று நிறைய குறைகள் ஏற்பட்டன, எனக்கு நிறைய வேலை. பிறகு தட்டச்சு இயந்திரம் செத்தது. நான் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டேன். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல், அதாவது கடற்கரையில் காத்திருந்து கலங்குவது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பரீட்சை எழுதும்வரை கடலைப் பார்த்ததில்லை என்பதை எந்தப் பேராசிரியரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கணவனும் மனைவியும் என் கடைக்கு முதல் தடவை வந்தது சுனாமி வந்து சில வருஷம் கழித்து. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் தம்பி கடலில் போய்விட்டார். தம்பியும் அவருடைய மாமனும், அதாவது இந்தப் புருஷனும், ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். கடலுக்குப் போவதை அவர்கள் தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வார்கள். வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அலை தூக்கிப் போட்டதில் தம்பி தவறி விழுந்துவிட்டார். மாமன் மட்டும் திரும்பி வந்தார். நாள் கணக்கில் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

நான் வழக்கம்போலப் படத்தை வானத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மறைவு தேதி சொல்லுங்கம்மா."

"எந்தத் தேதி சார்?"

"அவரு... தவறின தேதி."

"உடம்பே கெடைக்கலியே. தவறிட்டான்னு நான் எப்படி சார் தேதி சொல்றது? போன தேதி வேணும்னா சொல்றேன். வந்த தேதிதான் இல்ல."

புருஷன் மெதுவாகச் சொன்னார். "போடாம வுட்டுடுங்க சார். மூஞ்சி மட்டும் இருந்தா போதும்."

அப்படித்தான் செய்தேன். தோற்றமும் இல்லை, மறைவும் இல்லை. மேகத்துக்கு நடுவில் ஒரு முகமும் ஒரு பெயரும் மட்டும். அந்தக் கோப்பைத் தனியாகச் சேமித்துவைத்தேன். நல்ல தொழிலாளி எதையும் வீணாக்குவதில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா நின்றார்.

"சார், நீங்க நாலு பேரு வந்து போற எடத்துல இருக்கீங்க. இவருக்குக் கரையில எதுனா வேலை இருந்தா சொல்லுங்க. இனிமே தொழிலுக்குப் போவ மாட்டாரு. அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு."

புருஷன் என் கடை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்கும்படி எதுவும் இல்லை.

"சுனாமி அன்னிக்குக் கடல்ல இருந்தவன்லாம் பொழைச்சான் சார்" என்றார். "கரையில இருந்தவன்தான் போனான். சொன்னா இது கேக்க மாட்டேங்குது."

"கேக்க மாட்டேன். ரெண்டு பேரு போனீங்க, ஒருத்தரு வந்தீங்க. அந்த ஒருத்தரு எனக்கு வேணும்" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டுச் சுவரொட்டிக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இணையதளம் என்ற யோசனை கோட்டக்குப்பத்திலிருந்து வந்தது. அங்கே வளைகுடா விமானங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுக்கும் பாய் ஒருவர் விசிட்டிங் கார்டு அடிக்க என்னிடம் வருவார்.

"இன்னா சார், பாண்டிச்சேரிக்குப் போற வெள்ளக்காரன் அத்தினி பேரும் ஈசிஆர்ல நம்மளத் தாண்டித்தான் போறான். ஒருத்தனாவது எறங்கறானா? எறங்குனாலும் எவன் இருக்கான் ஊரைக் காட்டறதுக்கு? ஒரு வெப்சைட்டு போடுங்க. வர்றவனையும் காட்றவனையும் அதுல கோத்து வுட்டுடலாம். ஜல்தியா பண்ணுங்க சார்."

நான் வேலையை ஆரம்பித்தேன். பாய் ஜல்தியாக துபாய்க்குப் போய்விட்டார். தளம் என் தலையில் தங்கியது.

தலையணை அளவு ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு இணையப் பக்கம் செய்யக் கற்றேன். பயணி முதலில் தனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கட்டங்களில் குறிக்க வேண்டும். கோட்டை, கோயில், பறவை, கடல், சாப்பாடு என்று கட்டங்கள். அதற்குத் தகுந்த வழிகாட்டியின் பக்கத்தைத் தளம் எடுத்துக் காட்டும். அதில் அவருடைய கைப்பேசி எண் இருக்கும். கடைசியாக 'சும்மா' என்று ஒரு கட்டம் வைக்க நினைத்தேன். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்துவிட்டுக் கைவிட்டேன். எங்கள் பக்கத்தில் பார்க்க இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டத்துக்குள்தான் வரும்.

செஞ்சிக் கோட்டைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சம்மதித்தார். திருவாமாத்தூருக்குக் கோயில் எதிரில் பூக்கடை வைத்திருந்தவர். கடலுக்கும் உப்பளத்துக்கும் கழுவெளி ஏரியின் பறவைகளுக்கும் யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சொல்லி அனுப்பியதும் இருவரும் வந்தார்கள். படம் எடுக்கும்போது அந்த அம்மா புருஷனின் சட்டைக் காலரை இழுத்துவிட்டார். எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடுக்குத் தகுதியான எதையும் நான் அதுவரை செய்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

பக்கத்தை வடிவமைக்க உட்கார்ந்தபோது கை தானாகப் போய் வானத்தை எடுத்தது. வழிகாட்டிகளுக்கு மறைவுத் தேதி தேவையில்லை என்பதால் தேதி இல்லாத அந்தக் கோப்பைத் திறந்தேன். மச்சானை எடுத்துவிட்டு மாமனை வைத்தேன். தமிழ்ப் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. எனக்கு எதுவும் உறுத்தவில்லை. வருஷக்கணக்கில் பார்த்த வானம், அது எனக்கு நீல நிறம், அவ்வளவுதான். ஏதோ ஒரு தூர தேசத்திலிருந்து ஒருவர், உங்கள் பக்கங்களில் ஓர் ஆழ்ந்த அமைதி இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அதை நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

பூக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், நம்ம படத்தை எடுத்துடுங்களேன். பாக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

"ஒரு மாதிரின்னா?"

"சொல்லத் தெரியல சார். பேஜாரா இருக்குது. மூச்சு முட்டுது."

அவருக்கு ஆள் வரவில்லை என்ற வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஆள் வராதது உண்மைதான். வாத்தியாருக்கும் வரவில்லை. குப்பத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"வந்தாங்களா?" என்று கேட்பேன்.

"வந்தாங்க சார். ஃபோன் பண்ணிக்கினு நேரா வந்துட்டாங்க. ரெண்டு பேரு. கழுவெளியில பூநாரை எறங்கியிருந்திச்சு. அதப் பாத்துட்டு அந்தம்மா அழுதுடுச்சு."

"ஏன் அழுதாங்க?"

"தெரியல சார். வெள்ளக்காரங்க பறவையப் பாத்தா அழுவாங்க போல."

இன்னொரு தடவை, உயரமான ஒருத்தன் கேப்பைக் கூழை வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டானாம். வேறொருவன் உப்பு மேட்டின் மேல் ஏறி நின்று பாடினானாம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, மகிழ்ந்த பயணிகள் என்று தலைப்புப் போட்டு முதல் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பனையோலையில் சுற்றி எனக்கு மீன் கொண்டுவருவார். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கும். "ஏலத்துல வாங்கினேன் சார்" என்பார். உள்ளங்கையில் கயிறு அறுத்த மாதிரி கோடுகள் இருந்தன. கேட்டேன். "உப்பளத்துல வழுக்கிட்டேன்" என்றார். மீன் சாப்பிட்டால் மூளை வளரும் என்கிறார்கள். நான் வேறு மீன் சாப்பிட்டிருக்க வேண்டும்.

மூன்று வழிகாட்டிகளில் ஒருவரிடம் மட்டும் ஆள் வருகிறது என்றால் அவரையே முன்னால் நிறுத்த வேண்டும் என்று வியாபார புத்தி சொன்னது. அவருடைய பக்கத்தை அப்படியே சுவரொட்டியாக அடித்து ஈசிஆர் பஸ் நிறுத்தங்களில் ஒட்ட முடிவு செய்தேன். அடியில் என் கடை எண். வெள்ளைக்காரர்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள், பார்ப்பார்கள், இறங்குவார்கள் என்று திட்டம்.

என் கடைச் சுவரொட்டிகளை ஒட்டுகிறவர் நெடுநாள் பழக்கம். மொபெட்டின் பின்னால் பசை வாளி தொங்கும். கட்டை வாங்கி, மேலே இருந்த முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"த்சு. நல்ல வயசு சார்."

படம் அருமையாக விழுந்திருக்கிறது என்கிறார் என்று நினைத்தேன்.

"எந்த ஊரு இவரு?"

குப்பத்தின் பெயரைச் சொன்னேன். நான் அப்போது வேறொருவரின் காதுகுத்துப் பத்திரிகையில் மும்முரமாக இருந்தேன்.

சாவுச் சுவரொட்டிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதல் ஒட்டு இறந்தவரின் சொந்த ஊரில் விழ வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டு ஊரில் ஒட்டாமல் விட்டால் குடும்பத்தை மதிக்கவில்லை என்று அர்த்தம். அவர் தொழில் நேர்மை உள்ளவர். விடிவதற்கு முன்பே மரக்காணம் தாண்டிப் போய், குப்பத்து ஐஸ் ஷெட் சுவரிலும் டீக்கடைச் சுவரிலும் அம்மன் கோயில் மதிலிலும் வரிசையாக ஒட்டிவிட்டு, துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரோடும் பேசாமல் திரும்பும் வழியில் பஸ் நிறுத்தங்களையும் முடித்துவிட்டார்.

காலையில் கடையைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. குப்பத்து டீக்கடைக்காரர்.

"சார், எப்ப சார் ஆச்சு? எங்களுக்கே தெரியாம உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

எனக்குப் புரிய சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் கடையை இழுத்து மூடிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஈசிஆரில் திரும்பியதும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய முகம் மேகத்துக்குள் இருந்து என்னைப் பார்த்தது. அன்றைக்குத்தான் அந்தச் சுவரொட்டியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஆங்கில வரிகளை யார் படிக்கப் போகிறார்கள்? வானத்தை எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

குப்பத்தில் இறங்கியபோது ஒப்பாரி கேட்டது. பக்கத்துக் குப்பத்து உறவுக்காரர்கள் கோடித்துணியும் மாலையுமாக வந்துவிட்டிருந்தார்கள். தம்பியின் சுவரொட்டி எப்போதோ மழையில் கரைந்து போயிருந்தாலும் அந்த ஊர் அதை மறந்திருக்கவில்லை. தேதி போடாத முகம் என்றால் கடலில் போன முகம். தம்பியினுடையதற்குப் பிறகு அந்தச் சுவர் பார்த்த இரண்டாவது தேதியில்லாத முகம் இது.

அந்த அம்மா அழவில்லை. ஒப்பாரிக் கூட்டத்தை விட்டுத் தள்ளி, தார்ச் சாலை ஊருக்குள் திரும்பும் இடத்தில், சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். புருஷன் இருட்டோடு கிளம்பியிருந்தார். பறவை விடியற நேரத்தில்தான் இறங்கும், பயணிகள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரை பைக்கில் கழுவெளிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வெள்ளைக்காரரையும் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. எந்த நாளிலும் பார்த்ததில்லையாம்.

"சார், நீங்கதானே இத அடிச்சது?" என்றார்.

"நான்தாம்மா. ஆனா இது அது இல்லம்மா. இது விளம்பரம்."

"என் தம்பிக்கும் இதேதானே அடிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப அது இன்னா?"



"அவரு நல்லாத்தான் இருக்காரும்மா. யாராவது பயணிங்க கூடப் போயிருப்பாரு."

"எந்தப் பயணி? நீங்க அனுப்புனீங்களா?"

"நான் அனுப்பறதில்லம்மா. நேரா அவருக்கே ஃபோன் பண்ணிக்கினு வர்றாங்கன்னு அவருதான் சொன்னாரு."

"என்கிட்ட நீங்க அனுப்பறீங்கன்னுதானே சொன்னாரு. காசு குடுத்தப்பல்லாம், சாரு அனுப்புன ஆளு குடுத்ததுன்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூநாரையைப் பார்த்து அழுத அந்த வெள்ளைக்கார அம்மா, கூழ் குடித்த உயரமானவன், உப்பு மேட்டில் பாடியவன் எல்லோரும் அந்த நிமிஷத்தில் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அதுவரை சாலையைப் பார்த்து நின்றிருந்த அந்த அம்மா மெல்லத் திரும்பினார். கடல் அவருக்குப் பின்னால் இருந்தது.

டீக்கடைக்காரர் வடக்கே இருக்கும் குப்பத்துக்குப் பேசிப் பார்த்தார். ஆமாம், மாசக்கணக்காக அவர் எங்கள் படகில்தான் தொழிலுக்கு வருகிறார், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்களாம். படகு இன்னும் கரை ஏறவில்லையாம்.

ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லோரும் கரைக்கு வந்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கொண்டுவந்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். தேர்வில் நான் எழுதிய இரங்கலில் கரையில் ஒரு புன்னை மரம் இருந்தது, ஒரு தோழி இருந்தாள், மாலை நேரம் இருந்தது. இங்கே நல்ல வெயில், ஐஸ் ஷெட், டீசல் நாற்றம். அந்த அம்மா யாரையும் பக்கத்தில் நிற்க விடவில்லை.

வெகு நேரம் கழித்துப் படகு ஒன்று வந்தது. கரைக்குக் கிட்டே வந்ததும் சிக்னல் கிடைத்து யாரோ சொல்லியிருக்கிறார்கள், நேராக இங்கேயே வந்தது. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு ஐஸ் ஷெட் சுவரில் மேகத்துக்கு நடுவில் தன் முகத்தைப் பார்த்தார்.

ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் செத்துட்டனாடா?" என்று படகில் கூட வந்தவரைக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கேட்டுட்டா" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "கற்பூரத்து மேல பொய் சொன்னேன். அம்மன் கேட்டுட்டா. மச்சானுக்கு ஒட்டுன எடத்துலயே எனக்கும் ஒட்டிட்டா."

நான் முன்னால் போய் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். டெம்ப்ளேட் என்ற சொல் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒரு பெண் உரக்கச் சொன்னார். "செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டிடீ. தலைக்குத் தண்ணி ஊத்து, ஊத்து."

யாரோ குடத்தைக் கொடுத்தார்கள். அந்த அம்மா புருஷனின் தலையில் தண்ணீரைக் கவிழ்த்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசிய குரல் எனக்குக் கேட்கும்படி பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் அது எங்களுக்காக இல்லை.

"பறவை காட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனே. நான் தெனமும் ரோட்டப் பாத்துக்கினு நின்னேன். தம்பி போனப்போ கடலப் பாத்துக்கினாவது நின்னேன்யா. ஒனக்கு அதுகூட இல்லாம பண்ணிட்டியே. பொய் சொல்லிட்டுப் போனா நான் எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கறது?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கரையில எனக்கு ஒண்ணும் புரியலடி" என்றார். "ஒருத்தரும் வரல. ஒரு ஆளுகூட வரல. சாரு ரொம்ப ஆசையா கேட்டுக்கினு இருந்தாரு. பாவமா இருந்திச்சு. அவருகிட்டயும் வந்தாங்கன்னே சொல்லிட்டேன்."

என்னுடைய தளத்தைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானது எதையும் நான் கேட்டதில்லை.

சுவரொட்டிகளை நானே கிழித்தேன். மைதாப் பசை நன்றாகப் பிடித்திருந்தது. மேகம் போன பிறகும் முகத்தில் பாதி வரவில்லை. ஊர்க்காரர்கள் இருவர் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிக் கொடுத்தார்கள். ஒட்டியவர் மறுநாள் கடைக்கு வந்து என்மேல் வருத்தப்பட்டார்.

"உசுரோட இருக்காருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே சார்."

நியாயம்தான். அன்று முதல் அவரிடம் எந்தக் கட்டைக் கொடுத்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவேன்.

அந்த வாரமே அந்த அம்மா புருஷனை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் மறுபடி கற்பூரம் ஏற்றினாராம். வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளே நின்று அம்மனிடம் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் வடக்குக் குப்பத்துக்குப் போகவில்லை. சொந்தக் கரையிலிருந்து, எல்லோரும் பார்க்க, தொழிலுக்குப் போனார். போவதற்கு முன்னால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டிவிட்டுப் போவாராம்.

நான் தளத்திலிருந்து வானத்தை எடுத்தேன். எல்லோரையும் வெறும் வெள்ளையில் வைத்தேன். மகிழ்ந்த பயணிகளையும் எடுத்துவிட்டேன். பூக்கடைக்காரர் புதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதான் சார் மூச்சு வருது" என்றார். வருஷம் முடிந்ததும் தளத்தை மூடிவிடலாம் என்றிருந்தேன். குப்பத்துக்காரரின் பக்கத்தை அதற்கு முன்பே எடுத்துவிடட்டுமா என்று கேட்க ஒரு தடவை பேசினேன். அந்த அம்மாதான் கைப்பேசியை எடுத்தார். "இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

மூடுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கே ஏதோ ஊரிலிருந்து வயதான கணவன் மனைவி. பாண்டிச்சேரிக்குப் போகிறார்கள். வழியில் ஒரு காலை நேரம் இருக்கிறது. 'கடல்' என்ற கட்டத்தைக் குறித்திருந்தார்கள். தளம் குப்பத்துக்காரரின் பக்கத்தை எடுத்துக் காட்டியிருக்கிறது. முதல் தடவையாக அது வேலை செய்திருந்தது. நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். அவருடைய எண்ணுக்குப் பேசினேன்.

"அவரு அந்த நேரத்துல தொழில்ல இருப்பாரு சார்" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "எத்தினி பேரு?" என்றார்.

"ரெண்டு பேரும்மா. நெசமாவே வர்றாங்க."

"வரச் சொல்லுங்க. நான் காட்டறேன்."

"இன்னா காட்டுவீங்க?"

"வரட்டும் சார்."

மொழிபெயர்க்க நானும் போனேன். கார் வந்து நின்றது. அந்தப் பெரியவர் கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியுமாக இறங்கினார். அவருடைய மனைவிக்கு மணலில் நடக்கச் சிரமமாக இருந்தது. அந்த அம்மா அவர்களைக் கரைக்கு அழைத்துப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார வைத்தார். அவித்த மல்லாட்டையை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் மீன் சுமக்கும் ஓர் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார்.

நேரம் போயிற்று. பெரியவர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். நாங்கள் இங்கே எதைப் பார்க்க வேண்டும்?

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"போட்டு வரும்" என்றார்.

படகு வரும் என்று மொழிபெயர்த்தேன். எப்போது வரும் என்று கேட்டார்கள். அதையும் கேட்டேன். அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைவை மொழிபெயர்க்க என் ஆங்கிலத்தில் எதுவும் இல்லை. கட்டத்தில் போட முடியாமல் நான் விட்டுவிட்ட சொல் நினைவுக்கு வந்தது. ஆனால் இது அதுவும் இல்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் நண்டு வளைகளைப் படம் எடுத்தார். அலைகளைப் படம் எடுத்தார். பிறகு கேமராவைப் பையில் வைத்து மூடினார். அவருடைய மனைவி நண்டுகளைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை ஓடுகள் சேர்ந்தன. வெயில் ஏறி, படகின் நிழல் சுருங்கி எங்கள் காலடிக்கு வந்தது. பாண்டிச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

தூரத்தில் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றா, இரண்டா என்றே என்னால் சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தில் கண் கூசியது.

பெரியவரின் மனைவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். அதில் எது இவருடைய வீட்டுக்காரரின் படகு?

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அந்த அம்மா அன்னக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தார்.

முன்னால் வருவதுதான் என்றேன்.